செவ்வாய்க்கிழமை வண்டி

புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு வண்டி வரும். தெற்கே உப்பளமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊரில் கிளம்பி, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலைகள் இருக்கிற ஊர்வரை போகும். இரண்டு முனையிலும் புகைபோக்கி. நடுவில் நாங்கள். எங்கள் ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் நிற்கும். அதற்குள் ஆளையும் பெட்டியையும் உள்ளே தள்ளிவிட வேண்டும். விட்டால் அடுத்த வாரம். அந்த வண்டிக்கு ஒரு பெயரும் நம்பரும் உண்டு. எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் யாரும் அதைச் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி என்றுதான் சொல்வோம்.

அதில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன் எவனும் ஏறுவதில்லை. வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவன், பெயின்ட் அடிக்கிறவன், இவர்கள்தான். ஒரு பெட்டியில் உட்கார்ந்து பார்த்தால் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருக்கும். மீதிப் பேருக்கு விரலில் ஏதாவது குறை இருக்கும். இத்தனை பேரைக் கொண்டுபோய்க் கொட்ட வாரத்துக்கு ஒரே ஒரு வண்டி. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

நான் வெல்டர். கொதிகலனிலும் எண்ணெய்க் குழாயிலும் அழுத்தம் தாங்கவேண்டிய இடங்களில் பற்றவைக்கிறவன். ஆலையை ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். ஒரு மாசம், ஒன்றரை மாசம் இரவு பகல் பாராமல் வேலை நடக்கும். கை நுழையாத சந்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் செருகி, அதில் தெரிகிற நிழலைப் பார்த்துக்கொண்டே குழாயின் பின்பக்கத்தைப் பற்றவைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றைக்கே கான்ட்ராக்டர் எங்களிடமிருந்து கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வான். ஆலை ஓட ஆரம்பிக்கும். நாங்கள் ஊருக்குத் திரும்புவோம். அடுத்த போன் வரும்வரை நான் ஊரில் ஜன்னல் கிரில் பற்றவைத்துக்கொண்டு கிடப்பேன். இப்படியே என் நல்ல வயசெல்லாம் போயிற்று.

கம்பெனி ரோல் என்பது வேறு. ரோலில் சேர்ந்துவிட்டால் நடுவில் கான்ட்ராக்டர் கிடையாது. மாசம் பிறந்தால் சம்பளம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, ஆலைக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். என் மகள் பிறந்ததிலிருந்து அவள் வயதில் பாதிக் காலம்கூட நான் அவளோடு இருந்ததில்லை. நான் ஊருக்குப் போனால் முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள்.

நான் பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு இன்ஜினியர் ஒரு நாள் போன் செய்தார். ரோலுக்கு வெல்டர் எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலையில் டெஸ்ட், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் ஆதாரும் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். நாற்பது தாண்டியவனை எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்த ஆவணியோடு நாற்பது முடிகிறது. அடுத்த தடவை என்பது எனக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏறினால் வியாழக்கிழமை ராத்திரி போய் இறங்கலாம். டெஸ்ட்டைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பற்றவைப்பதில் எனக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை.

என் மனைவி அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், நடுவில் டி.சி. வாங்கினால் குஜராத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்துவிட்டு வந்தாள். அங்கே தண்ணீர் எப்படி, மார்க்கெட் எவ்வளவு தூரம், பக்கத்தில் தமிழ் ஆட்கள் உண்டா என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டாள். தூங்கும்போதுகூட அவள் முகத்தில் ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆத்தாதான் காலண்டரைக் கையில் எடுத்தது. தினசரித் தாளின் அடியில் போட்டிருக்குமே, சூலம் வடக்கு, பரிகாரம் பால் என்று. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கிளம்பக்கூடாது. எங்களுக்கோ இருப்பது ஒரே வண்டி. அது வருவது செவ்வாய்க்கிழமை. போவது வடக்கே.

“செவ்வாக்கெழம வடக்க போறேங்கிற. இது மத்த போக்கு மாதிரி இல்ல தம்பி. காலத்துக்கும் இருக்கப்போற வேல.”

“வண்டி செவ்வாக்கெழமதானே ஆத்தா வருது. ரயில்வேக்காரன்கிட்டப் போயி, எங்க ஆத்தா சொல்லுது, வியாழக்கெழம விடுன்னு சொல்லவா?”

“போன தடவ வெரல நசுக்கிக்கிட்டு வந்தே. அதுக்கு முந்தி ஒருத்தன் வேல வாங்கிட்டு ஏமாத்திப்புட்டான். ரெண்டும் செவ்வாக்கெழம போனதுதான்.”

“நல்லபடியா வேல பாத்துட்டு வந்ததும் செவ்வாக்கெழம போனதுதான். நான் வேற எந்தக் கெழம போயிருக்கேன்?”

என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “பால் குடிச்சிட்டுப் போனாப் போதும்னு காலண்டர்லயே போட்டிருக்கே அத்த.”

“காலண்டரு போட்டவனா இவங்கூடப் போறான்?” என்றது ஆத்தா.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாளில் பையை மட்டும் முன்னால் கிளப்பி, போகிற வழியில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பின நாள்தான் ஆள் கிளம்பின நாள். அப்புறம் ஆள் எந்தக் கிழமை போனாலும் குற்றமில்லை. ஆனால் வெறும் துணிப்பையை வைத்தால் செல்லாது. எது இல்லாமல் அந்தப் பயணம் போக முடியாதோ அது பைக்குள் இருக்க வேண்டும். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது.

ஆத்தாவே பீரோவைத் திறந்து என் சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்தது. ஆதாரையும் வைத்தது. என் முகமூடியையும் கையுறையையும் வைத்தது. “இதெல்லாம் போனாத்தான் நீ போனதுக்குச் சமம்” என்றது. திங்கட்கிழமை ராகுகாலம் முடிந்ததும் பை கிளம்பியது.

போய் இறங்கியது என் மச்சான் வீட்டில். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். புதுக்கோட்டையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கமாட்டார். அவரால்தான் எல்லாம் போயிற்று என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். பையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, “ஒங்க வேல முடிஞ்ச மாதிரிதான் மாப்ள. நாளைக்கு வந்து சாப்பிட்டுட்டு, அப்படியே பையத் தூக்கிட்டு வண்டி ஏறுங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை எமகண்டம் முடியட்டும் என்று ஆத்தா என்னை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தது. முடிந்த பிறகு நானும் என் மனைவியும் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை போனோம். மச்சான் வீடு பூட்டியிருந்தது.

போன் அடித்தால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னது: “ஒங்களுக்குத் தெரியாதா? அவங்க மாமனாரோட தம்பி ஆவுடையார்கோவில்ல தவறிட்டாரு. விடியறதுக்கு முன்னாடியே குடும்பத்தோட போயிட்டாங்க.”

எங்களுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என் மனைவி நடுத்தெருவில் நின்று கத்தினாள். கடைசியில் மச்சானே போன் எடுத்தார். பின்னால் ஒப்பாரியும் கொட்டுச் சத்தமும் கேட்டது.

“பயணம் போறவங்க காதுல சாவுச் சேதிய எதுக்குப் போடணும்னுதான் மாப்ள சொல்லல. வண்டிக்கு முன்னாடி வந்துரலாம்னு பாத்தேன். நான் கோடித்துணி போட்டாத்தான் பொணத்த எடுப்பாங்களாம். பங்காளிக வர லேட்டு. இந்தா கெளம்பிட்டேன். அந்த வண்டி என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்கு?”

அது உண்மை. செவ்வாய்க்கிழமை வண்டி நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் வாசலில் காத்திருந்துவிட்டுப் போனில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்தேன். காரைக்குடியை விட்டுக் கிளம்பியிருந்தது. சரியான நேரம்.

“பூட்ட ஒடைங்க” என்றாள் என் மனைவி.

கீழே கிடந்த கல்லைத் தூக்கினேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டது. “சாவுக்குப் போயிருக்கவங்க வீட்டுப் பூட்ட ஒடைக்காதீங்கய்யா. நல்லாவா இருக்கும்? அவருதான் வந்துக்கிட்டு இருக்காருல்ல.”

“எங்க அண்ணன் வீடு, நான் ஒடைக்கச் சொல்றேன். ஒங்களுக்கு என்ன?” என்றாள் என் மனைவி.

இப்படி அவர்கள் இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டு அடி போட்டேன். அது நல்ல கம்பெனிப் பூட்டு. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது தெருமுனையில் மச்சானின் பைக் திரும்பியது. ரயில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம்.

கையை நீட்டினேன். “சாவிய குடுங்க மச்சான்.”

அவர் தரவில்லை. வாசல் குழாய்ப் பக்கம் போனார்.

“இருங்க மாப்ள. பொணத்தத் தொட்ட கை. இதோட தொறந்து ஒங்க பையத் தொட்டா, போற வேலையே தீட்டாப் போயிரும். ரெண்டு வாளி ஊத்திக்கிறேன்.”

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. சட்டையோடு நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஒரு வாளி. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அடுத்த வாளி நிறைவதற்காகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் எனக்கு நல்லது நினைத்துத்தான் அப்படி நின்றார். இதை நினைக்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எனக்குக் கெடுதல் நினைத்தவனாக இருந்திருந்தால் அடித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஸ்டேஷனில் அறிவிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது. சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்து, செருப்புக் காலோடு சாமி படத்துக்குக் கீழே போய்ப் பையை எடுத்து என்மேல் எறிந்தாள். நான் ஓடினேன். பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது.

மச்சான் பின்னாலேயே பைக்கில் வந்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “ஏறுங்க மாப்ள, திருச்சில புடிச்சிரலாம்.”

ஏறினேன். நனைந்த முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன். கீரனூர் போவதற்குள் அவர் சட்டை காய்ந்துவிட்டது. திருச்சிக்கு முன்னால் என் போன் அடித்தது. என்னோடு டெஸ்ட்டுக்கு வரவேண்டிய ஆவூர்க்காரன். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். என்னிடம் ஹெல்ப்பராக இருந்து தொழில் பழகியவன். திருச்சி ஜங்ஷனில் வண்டி ஏறியிருந்தான்.

“அண்ணே, எந்தப் பெட்டில இருக்கீங்க? சாப்பாடு கொண்டாந்துருக்கேன்.”

விஷயத்தைச் சொன்னேன்.

“எங்க வீட்லயும் செபம் பண்ணித்தாண்ணே அனுப்புவாங்க. ஆனா பைய முன்னாடி அனுப்ப மாட்டாங்க” என்றான். கிண்டல் பண்ணத்தான் சொன்னான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை. “சீக்கிரம் வாங்கண்ணே. வாசல்லயே நிக்கிறேன்.”

திருச்சிக்குள் நுழைந்ததும் சிக்னலில் நின்றோம். அடுத்த சிக்னலிலும் நின்றோம். ஸ்டேஷன் பாலத்துக்குப் பக்கத்தில் போகும்போது அவன் மறுபடியும் கூப்பிட்டான். “வண்டிய எடுத்துட்டாண்ணே” என்றான். அவ்வளவுதான்.

விமானத்தில் போயிருக்கலாமே என்று பின்னால் ஒருவர் கேட்டார். கேட்டவர் விமானத்தில் போகிறவர். நான் பஸ்ஸில் சென்னை போனேன். புதன்கிழமை காலை வண்டியில் ஜெனரல் பெட்டிக்குள் கால் வைக்க முடியவில்லை. படியில் தொங்கின என்னைப் போலீஸ் இறக்கிவிட்டது. அப்புறம் வேறொரு வண்டியில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவழியில் இன்னொன்று மாறி, மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஆத்தா போன் செய்தது.

“விடு தம்பி. அந்த வண்டில ஒனக்கு ஏதோ கண்டம் இருந்துருக்கு. பை தடுத்துருச்சு.”

அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறினவன் எல்லாம் பத்திரமாகப் போய் இறங்கினான். இதை ஆத்தாவிடம் சொன்னேன். “நீ ஏறல, அதான் ஒண்ணும் ஆவல” என்றது. இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன பேசுவது? நான் வேலையில் சேர்ந்திருந்தால் பை சேர்த்துவிட்டது என்று சொல்லியிருக்கும். சேராவிட்டால் பை காப்பாற்றிவிட்டது. எப்படிப் போனாலும் அவர்கள் ஜெயிப்பார்கள். நான் தோற்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலை வாசலில் நின்றேன். இன்ஜினியர் வெளியே வந்தார். அவருக்கு ஓரளவு தமிழ் தெரியும். டெஸ்ட் காலையிலேயே முடிந்துவிட்டது, குழாய்த் துண்டுகள் எக்ஸ்ரேவுக்குப் போய்விட்டன, இனி பேர் சேர்க்கத் தன்னால் முடியாது என்றார். ஏன் லேட் என்று கேட்டார். வண்டியை விட்டுவிட்டேன் என்றேன். ஏன் விட்டாய் என்று கேட்டார். குஜராத்தில் ஒரு ஆலை வாசலில் நின்றுகொண்டு, மச்சான் குளித்துக்கொண்டிருந்தார் என்று எந்தப் பாஷையில் சொல்வது? லேட் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். சர்டிபிகேட்டைப் பார்க்கிறீர்களா என்று பையைத் திறந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது? அதே ஆலையில் புதுக் குழாய்ப் பாதை போடும் வேலையை எடுத்திருந்த பழைய கான்ட்ராக்டரிடம் அந்த வாரமே போய் நின்றேன். “வாய்யா பெரிய மனுஷா, ரோலுக்குப் போறதாச் சொன்னாங்க?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அப்புறம் கேட் பாஸ் கொடுத்தான்.

ஆவணி வந்தது, போயிற்று.

ஆவூர்க்காரனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் நல்ல வேலைக்காரன், அதை நான் மறுக்கவில்லை. பழக்கிவிட்டவனே நான்தான். ஆனால் சாய்த்து வைத்த குழாயில் அவன் கை அடியில் வரும்போது கொஞ்சம் நடுங்கும். எனக்கு நடுங்காது. இப்போது எந்தக் குழாயை யார் பற்றவைக்க வேண்டும் என்று காலையில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவன் அவன்தான். என் பேரைக் கூப்பிடும்போது அவனுக்குச் சங்கடமாக இருக்கும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கூப்பிடுவான்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். நேரில் வந்து நின்றுவிட்டான். போனேன். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். மாடியில் இருந்ததால் காற்று வந்தது. அவன் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். “ஒங்களப் பத்தித்தாண்ணே எப்பப் பாத்தாலும் பேசுவாரு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க” என்றாள். பிள்ளை கீழே உட்கார்ந்து இந்தி எழுத்து எழுதிக்கொண்டிருந்தது. அப்பன் தோளில் சாய்ந்துகொண்டு எழுதியது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன். “இருங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போலாம்” என்றான். வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருக்கிற தகர ஷெட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி கூப்பிட்டாள். அவள் தன் அண்ணனோடு பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. ஆத்தாவோடும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

“அவுங்க வீட்டுக்குப் போனீங்களாமே. அவரு பொண்டாட்டி ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டிருக்கு” என்றாள்.

“ம்.”

“வீடு எப்படி இருக்கு?”

“ஒண்ணும் பெருசா இல்ல. புறாக் கூடு மாதிரி.”

“அடுப்படி?”

“இருட்டா இருக்கு. ஒரு ஆளு நிக்க முடியாது.”

“தண்ணி?”

“உப்புத் தண்ணி.”

தூரத்தில் மகள் எதையோ கேட்கிற சத்தமும், “அப்பாதான், வந்து பேசு” என்று அவள் சொல்வதும் கேட்டது. மகள் வரவில்லை.

“போட்டோவுல நல்லாத்தான் தெரிஞ்சுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.